450 ரூபாய் உறையா, 3,200 ரூபாய் உறையா?

வாசகர் கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற மதுரைச் செவிலியரின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், போன மாதம் 18,000 ரூபாய் கொடுத்து ஃபோம் மெத்தை வாங்கினோம். 78க்கு 60, உயரம் 8 இஞ்ச். எங்களோடு இரண்டரை வயது மகனும் படுக்கிறான். ராத்திரியில் இன்னும் நனைக்கிறான். மெத்தைக்குப் புரொடெக்டர், அதாவது ஈரம் இறங்காத மேலுறை, போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் 450 ரூபாய்க்கும் இருக்கிறது, 3,200 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டிலுமே ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. அதே கடையில் 1,000 ரூபாயை ஒட்டி ஒன்று இருக்கும். அதில் இரண்டு வாங்குங்கள்.

கடைக்காரர் உறையின் மேல்பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுவார். நீங்கள் புரட்டிப் பாருங்கள். தண்ணீரைத் தடுப்பது மேல்துணி இல்லை, அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். 450 ரூபாய் உறையில் பெரும்பாலும் அது பிவிசியாக இருக்கும். சாப்பாட்டு மேஜையில் விரிக்கிறோமே, அந்த பிளாஸ்டிக். கையில் கசக்கினால் மொரமொர என்று சத்தம் வரும். பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு நெடி அடிக்கும். நடுத்தர விலையில் வருவது பாலியூரித்தேன் படலம். அட்டையில் டிபியு என்று போட்டிருப்பார்கள். அது தொட்டால் வழவழப்பாக, துணியோடு துணியாக இருக்கும். லேசாக இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி திரும்பிவிடும்.

இரண்டும் தண்ணீரை விடாது. அதனால் இரண்டிலும் வாட்டர் ப்ரூஃப் என்று எழுதியிருப்பது பொய் இல்லை. வித்தியாசம் வேர்வையில்தான் தெரியும். பிவிசி ஆவியையும் சேர்த்து அடைத்துவிடும். டிபியு தண்ணீரை நிறுத்திவிட்டு ஆவியை மட்டும் மெதுவாக மறுபக்கம் விடும். ஏப்ரல் மாதம் ஈரோட்டில் கரண்ட் போன ராத்திரியில் உங்கள் முதுகே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

வாங்கி வந்ததும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளரில் பாதி அளவு நல்ல சூடான வெந்நீர் ஊற்றுங்கள். உறையின் ஒரு மூலையை, படலம் கீழே இருக்கும்படி, டம்ளர் வாயில் இறுக்கமாக மூடுங்கள். தண்ணீர் துணியில் படக் கூடாது. அதற்கு மேல் உலர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். டிபியு என்றால் சில நிமிடங்களில் மேல் டம்ளரின் உட்புறம் மங்கி, முத்து முத்தாக ஈரம் கட்டும். பிவிசி என்றால் கண்ணாடி அப்படியே தெளிவாக இருக்கும். என் சமையல் மேடையில் மூன்று உறைகளை வைத்து இதைச் செய்து பார்த்தேன். ஒன்றின் அட்டையில் காற்றோட்டமுள்ளது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்து நிமிடம் ஆகியும் கண்ணாடி மங்கவே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் பில்லை பத்திரமாக வைத்துக்கொண்டு, துவைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

சரி, 3,200 ரூபாய் எதற்கு? பெரும்பாலும் மேல்துணிக்கு. மரக்கூழ் இழையில் நெய்த டென்செல், மூங்கில் துணி என்பார்கள். மூங்கில் துணி என்று விற்கிற அநேகம், மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுக்கும் விஸ்கோஸ்தான். தொட்டால் குளுகுளு என்று இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் அதன் மேல் பெட்ஷீட் விரித்துத்தானே படுக்கப் போகிறீர்கள்? அடியில் இருக்கிற படலம் பல நேரம் 1,000 ரூபாய் உறையில் இருக்கும் அதே வகைதான். பையன் நனைக்கிற வீட்டில் எனக்குப் பிடித்தது டெர்ரி துணி. குளிக்கிற துண்டு மாதிரி குட்டிக் குட்டிச் சுருள் நூலோடு இருக்கும். ஈரத்தை விழுந்த இடத்திலேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பான துணி என்றால் ஈரம் ஓடிப் பக்கத்தில் படுத்திருப்பவரின் இடுப்புக்கடியில் போய்த் தேங்கும்.

இரண்டு வாங்கச் சொன்னதற்குக் காரணம் ராத்திரி இரண்டு மணி. பையன் நனைத்துவிட்டு அழுகிறான். பெட்ஷீட்டை உருவுகிறீர்கள், புரொடெக்டரையும் உருவுகிறீர்கள். எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது இப்போது வாளியில் கிடக்கும். காலையில் துவைத்துக் கொடியில் போட்டால், மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு ராத்திரியும் 18,000 ரூபாய் மெத்தை வெறும் மெத்தையாகக் கிடக்கும். ஃபோமுக்குள் சிறுநீர் இறங்கிவிட்டால் பிழிந்து காயவைக்க வழியில்லை. மேலே துடைக்கலாம், உள்ளே போன வாடை போகாது. உங்கள் மெத்தையின் உத்தரவாத அட்டையையும் எடுத்துப் படியுங்கள். கறை பட்ட மெத்தைக்கு உத்தரவாதம் கிடையாது என்று பல நிறுவனங்கள் அதில் எழுதியிருப்பார்கள்.

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். நான்கு மூலையிலும் எலாஸ்டிக் பட்டை மட்டும் வைத்தது பையன் புரண்டால் சுருண்டு நடுவுக்கு வந்துவிடும். சுற்றிலும் பாவாடை மாதிரி இறங்கி, அடியில் எலாஸ்டிக் பிடிக்கிற வகைதான் வேண்டும். உங்கள் மெத்தை 8 இஞ்ச் என்பதால் அட்டையில் 10 இஞ்ச் வரை என்று போட்டதை வாங்குங்கள். துவைத்த உறை காயும் வரை மாற்றாக என்று வெறும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தளர்வாக விரித்து அதில் குழந்தையைப் படுக்கவைப்பது மட்டும் எந்த நாளும் வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் கண்டிப்பாகக் கூடாது. முகத்தில் சுருண்டு மூடினால் அதுகளுக்கு விலக்கத் தெரியாது.

கேள்வி: என் மனைவிக்கு 71 வயது. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். விலையைப் பார்க்காமல் இருப்பதிலேயே உயர்ந்த புரொடெக்டரை வாங்குங்கள் என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் பணம் அனுப்பியிருக்கிறான். டாக்டர் ஏர் பெட் போடச் சொல்லியிருக்கிறார். எதன் மேல் எதைப் போடுவது என்று புரியவில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து என் அத்தை பதினோரு மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். வார்டில் எங்களுக்குத் தெரிந்தது சிவப்பு ரப்பர் ஷீட். மெக்கின்டாஷ் என்றுதான் இன்றும் சொல்கிறோம். சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைப் பூசி மழை இறங்காத துணி செய்து 1823ல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயர் நம் ஆஸ்பத்திரி அலமாரி வரைக்கும் வந்து தங்கிவிட்டது. ஆனால் அந்த ஷீட்டை வார்டில் முழுக்கட்டிலுக்கும் போட மாட்டோம். தேவைப்படுகிற இடத்தில் மட்டும் குறுக்கே போட்டு, மேலே பருத்தித் துணி விரிப்போம்.

அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவசரத்தில் கிடைத்த மலிவு உறையை வாங்கிப் போட்டேன். பின்பக்கம் பிவிசி. முதல் வாரத்திலேயே முதுகெல்லாம் வேர்க்குரு. மின்விசிறி மேலே சுற்றினாலும் முதுகுக்கு அடியில் தோல் ஊறிப்போய் வெளிறியிருந்தது. நாலாவது மாதம் கூடத்தில் வாடை அடிக்க ஆரம்பித்தது. தினமும் விரிப்பை மாற்றுகிறோம், ஈரம் எங்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இடுப்பு அழுத்துகிற இடத்தில், மடிப்பு விழுந்த வாட்டத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மயிரிழை அளவுதான். அதன் வழியாக அத்தனை நாளும் கயிற்றுநார் மெத்தைக்குள் இறங்கியிருக்கிறது. மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. போனது மெத்தை என்பதைவிட, அத்தனை நாள் அவர் அந்த ஈரத்தின் மேல் படுத்திருந்தார், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அதனால்தான் பிவிசி வேண்டவே வேண்டாம் என்கிறேன். உயர்ந்த விலை உறையும் தேவையில்லை. டிபியு பின்பக்கம் உள்ள நடுத்தர உறை இரண்டு போதும். மாதம் ஒரு முறை கழற்றி இடுப்புப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரிப்பு நழுவாமல் இருக்க ஊக்கு குத்தாதீர்கள். ஒரு ஊசித் துளை போதும்.

போடுகிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் மெத்தை. அதன் மேல் புரொடெக்டர். அதற்கு மேல்தான் ஏர் பெட். ஏர் பெட்டின் மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு, கொஞ்சம் தளர்வாக. புரொடெக்டரை ஏர் பெட்டுக்கு மேலே இழுத்து மாட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது தவறு. காற்றறைகள் மாறி மாறி ஏறி இறங்கினால்தான் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. இறுக்கமான உறை மேலே வந்தால் அது ஒரு தொட்டில் மாதிரி விறைத்து நின்று அந்த வேலையைக் கெடுத்துவிடும். இடுப்புக்குக் கீழே மட்டும் முதுகிலிருந்து முழங்கால் வரை வருகிற மாதிரி ஒரு உறிஞ்சும் பேட் போடுங்கள், அல்லது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியை மடித்துக் குறுக்கே போடுங்கள். இதை மாற்ற ஆளைத் தூக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஒருக்களித்து, பழையதைச் சுருட்டி, புதியதைச் செருகி, மறுபக்கம் திருப்பி உருவினால் போதும்.

இத்தனையும் செய்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது நிற்கக் கூடாது. எந்த உறையும் படுக்கைப் புண்ணைத் தடுக்காது. குதிகால், இடுப்பின் பின்பக்க எலும்பு, இரண்டு பக்க இடுப்பு எலும்பு, இவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறித் திரும்ப வேண்டும். வெளிறாவிட்டால் அன்றே டாக்டரிடமோ வீட்டுக்கு வரும் நர்ஸிடமோ சொல்லுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் இடத்தைவிட அங்கே சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

மகன் அனுப்பிய பணத்தில் மிச்சமாவதை ராத்திரி திருப்பிவிட ஒரு ஆள் வைத்துக்கொள்ளச் செலவழியுங்கள் ஐயா. ஐந்து மாதமாக நீங்கள் ஒருவரே எழுந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. அடிக்கடி வீசிங் வருகிறது. தூசிப்பூச்சியைத் தடுக்கும் புரொடெக்டர் என்று 4,500 ரூபாய்க்கு ஒன்று விற்கிறார்கள். வாங்கினால் குணமாகுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை. உங்கள் மகளுக்குத் தூசிப்பூச்சியால்தான் ஒவ்வாமையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தோலில் சின்னதாகக் குத்திப் பார்க்கும் சோதனையிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் உறை வாங்குவதில் அர்த்தமில்லை.

தூசிப்பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். கடலோரச் சென்னை அதற்குச் சொர்க்கம். கடிக்காது. அதன் கழிவுதான் மூச்சுக்குழாயைச் சீண்டுவது.

2003ல் பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்த உறைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சாதாரண உறை போட்டவர்களுக்கும் இதைப் போட்டவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் தூசிப்பூச்சி ஒவ்வாமை உறுதியான குழந்தைகளிடம் நடத்தி 2017ல் வெளியான இன்னொரு ஆய்வில், மூச்சுத் திணறி அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. அதுவும் இங்கிலாந்தில்தான். அதனால்தான் முதலில் பரிசோதனை என்கிறேன். உறுதியானால் உங்கள் மகளுக்கு இந்தச் செலவு தகும்.

ஆனால் மேலே மட்டும் மூடுகிற புரொடெக்டர், அது 4,500 ஆனாலும், இதற்கு உதவாது. ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற உறை வேண்டும். தலையணைக்கும் அதே வகை. மூக்கு படுத்திருப்பது தலையணையில்தானே? கையில் காசு குறைவாக இருந்தால் தலையணை உறையிலிருந்து ஆரம்பியுங்கள். பெட்ஷீட்டை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அந்தச் சூட்டில் பூச்சி சாகும். குணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். குணமாகாது, தொந்தரவு குறையலாம். உறை போட்டாயிற்று என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: புரொடெக்டரை வாஷிங் மெஷினில் போட்டேன். சுற்றும்போது மெஷின் குதித்தது. இப்போது பின்பக்கம் தோல் உரிவதுபோல் உரிகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கியது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உறைமேல் தவறில்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் இறங்காத துணியை வேகமாகப் பிழியவிட்டால் தண்ணீர் வெளியே போக முடியாமல் அதன் மடிப்பில் குடம்போல் தேங்கும். டிரம் ஒரு பக்கம் பாரம் தாங்காமல் ஆடும். வாட்டர் ப்ரூஃப் துணியை வேகமாகப் பிழியாதீர்கள் என்று மெஷினோடு வரும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். மென்மையான சுற்றில் அலசி, கையால் தண்ணீரை வடித்து, கொடியில் போடுங்கள். துணிப் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும், படலம் உள்ளே இருக்கட்டும். உச்சி வெயிலில் படலத்தைக் காட்டினால் நாளாக நாளாகப் பழுத்து உதிரும்.

ப்ளீச், துணி மென்மையாக்கும் திரவம், இஸ்திரி மூன்றும் ஆகாது. வெந்நீர் எவ்வளவு சூடு வரை என்று தையலில் இருக்கிற சின்ன லேபிளைப் பாருங்கள். ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். உரிந்த உறையை ஒட்ட வழியில்லை. குழந்தையோ நோயாளியோ படுக்காத கட்டிலுக்குத் தூசிக்காக விரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னும் இலவம்பஞ்சு மெத்தைதான். அதற்கும் புரொடெக்டர் போட வேண்டுமா?
– ஒரு வாசகர், போடி

பதில்: இலவம்பஞ்சு ஊரிலிருந்தே கேட்கிறீர்கள், சந்தோஷம். பெரியவர்கள் மட்டும் படுக்கிற மெத்தை என்றால் வேண்டாம். அந்தப் பஞ்சுக்குக் காற்றும் வெயிலும்தான் மருந்து. கெட்டிப் பருத்தியில் ஒரு உறை தைத்துப் போட்டு, அதை மட்டும் மாதம் ஒருமுறை துவையுங்கள். பேரப்பிள்ளைகள் வந்து தங்கும் நாட்களில் டிபியு உறையை மாட்டிவிட்டு, அவர்கள் ஊருக்குப் போனதும் கழற்றிவிடுங்கள். மாதம் இரண்டு முறை மெத்தையை மொட்டைமாடியில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டி, தட்டி எடுங்கள். நாலு மணிக்கெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். உங்கள் ஊரில் மார்கழியில் சீக்கிரமே பனி இறங்கும், காய்ந்த பஞ்சு அந்த ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.